தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொடுங்கள்



வீட்டுத் தோட்டம் பற்றி எழுதுமாறு வாசகியர் சிலர் கேட்டிருந்தனர். "தொட்டியில் வைத்த கறிவேப்பிலை மஞ்சளாகிறது, புதினா அழுகுகிறது, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஏன் இப்படி?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். விடை அக்கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியதுதான் பல வீடுகளில் செடி மடியக் காரணமாகிறது. என் வீட்டு மாடியில், என் கையாலேயே ஒரு செடியைக் கொன்றுவிட்டு இதை அறிந்துகொண்டவன் நான்.

எங்களுடையது கடலோர ஊர். பழைய வீட்டின் முற்றத்தில் என் உம்மா வளர்த்த மருதாணி ஒன்று இருந்தது. பெருநாளைக்கு முதல் நாள் தெருவிலுள்ள பெண்பிள்ளைகள் வந்து இலை பறித்துச் செல்வார்கள். வீட்டைப் புதுப்பித்தபோது முற்றம் போயிற்று. அந்த மருதாணியின் கிளையொன்றை வெட்டி, மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் உம்மா நட்டார். அஸர் தொழுதுவிட்டு மெல்ல மாடியேறுவார். விரலை மண்ணில் அழுத்திப் பார்ப்பார். சில நாள்களில் தண்ணீர் ஊற்றுவார். பல நாள்களில் ஊற்றாமலே இறங்கிவிடுவார். கேட்டால், "மண்ணு ஈரமாக் கெடக்கு, அதுக்கு இப்போ தாகமில்லை" என்பார்.

2021ஆம் ஆண்டு உம்மா இறையடி சேர்ந்தார். அதன்பின் அந்த மருதாணியைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அவர் முகமே நினைவுக்கு வந்தது. சுபுஹு தொழுதுவிட்டு நான் அரை வாளி ஊற்றினேன். பகலில் என் மனைவி ஒரு செம்பு ஊற்றினாள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு குவளை ஊற்றினார்கள். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. மூன்று வாரங்களில் அடியிலைகள் மஞ்சளாயின. பின்னர் செடி முழுவதும் துவண்டது. வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் அதிகமாக ஊற்றினோம். ஒருநாள் தண்டைப் பிடித்தேன். செடி கையோடு வந்துவிட்டது. வேர்கள் கறுத்து, அழுகல் வாடை வீசிற்று. தொட்டியின் அடித்துளை மண்ணால் இறுக அடைபட்டிருந்தது. "நாமதானே வாப்பா தண்ணி ஊத்தினோம்?" என்று என் இளைய மகள் கேட்டாள். அவளுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

வேருக்கும் காற்று வேண்டும்

நான் கலைப் பட்டதாரி. தாவர நூல் பயின்றவனல்லன். வேளாண்மை பயின்ற நண்பர் ஒருவர்தாம் நடந்ததை எனக்கு விளக்கினார். வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று நிற்கிறது. அக்காற்றிலிருந்துதான் வேர் உயிர்வளியைப் பெறுகிறது. ஓயாது நீர் ஊற்றினால் அவ்விடைவெளிகள் யாவும் நீரால் நிறைந்துவிடும். மூச்சுத் திணறிய வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். அதைக் காணும் நாம், நீர் குறைவென்று எண்ணி மேலும் ஊற்றுகிறோம்.

வாடிய செடியைக் கண்டதும் செம்பைத் தேடாதீர்கள். முதலில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நீர் வேண்டும். ஈரமாயிருந்தும் செடி வாடினால் நீர் வேண்டாம். தொட்டியை நிழலில் வைத்து, அடித்துளையை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். சிறு தொட்டியாயின் தூக்கிப் பார்த்தே அறியலாம். நீருள்ள தொட்டி கனக்கும். உலர்ந்த தொட்டி இலேசாயிருக்கும். நான்கு நாள் தூக்கிப் பார்த்தால் கை தானே பழகிவிடும்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றக் கூடாது. அடித்துளை வழியாக நீர் கசியும் வரை நிதானமாக ஊற்றி, மேல்மண் உலரும் வரை காத்திருக்க வேண்டும். தினமும் சிறிது தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேர் ஆழம் தேடாமல் மேலேயே படரும். காலை நேரமே நீருக்கு ஏற்றது. அக்னி நட்சத்திர வெயிலில் சிறிய தொட்டிக்குத் தினம் இருமுறைகூட நீர் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் வரை தேவைப்படாமலும் போகலாம். ஆகவே இத்தனை நாளுக்கொரு முறை என்று கணக்கு வைக்க முடியாது. மண்ணைத் தொட்டுப் பார்ப்பதொன்றே கணக்கு. இன்னொன்றும் சொல்வேன்: வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், ஒரு செடிக்கு நீர் ஊற்றும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

மண்ணும் தொட்டியும்

வெறும் களிமண்ணைத் தொட்டியில் நிரப்பினால் அது செங்கல்லைப் போல் இறுகிவிடும். தோட்டத்து மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு எனக் கலப்பது நம் பக்கத்து வழக்கம். கடற்கரை மணலில் உப்பு உண்டு. அதைச் சேர்க்க வேண்டாம். மக்காத சாணத்தையும் இடக் கூடாது. அதன் சூடு வேரைச் சுடும். அடித்துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் நீர் வடியும், மண் வெளியேறாது. பழைய பெயிண்டு வாளி, பிளாஸ்டிக் குடம் எதுவாயினும் தொட்டியாகும். அடியில் நான்கைந்து துளைகள் இருப்பது முக்கியம்.

மாடியில் வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நனைந்த மண் மிகுந்த கனமுடையது. பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரையும் உத்தரத்தையும் ஒட்டி வையுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தளமும் உலரும், துளையும் அடைபடாது.

எந்த நீர் ஏற்றது?

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிகளுக்குக் காத்துக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்டில் செடிக்கென்று குழாயைத் திறந்துவிடுவது தகாது. நம் வீடுகளில் நாளைக்கு ஐந்து வேளை உளூச் செய்கிறோம். சோப்புக் கலவாத அந்நீர் செடிக்கு மிக ஏற்றது. உளூச் செய்யும் இடத்தில் ஓர் அகலமான பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் உளூ நீரில் பத்துத் தொட்டிகள் செழிக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரில், உளூச் செய்தார்கள் என்று மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் நானே குழாயை முழுவதும் திறந்துவைத்து உளூச் செய்திருக்கிறேன். பாத்திரம் வைத்த அன்றுதான் நான் வீணாக்கிய அளவு என் கண்ணுக்குத் தெரிந்தது.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரும் நல்லதே. குளிர்சாதனப் பெட்டியறையிலிருந்து சொட்டும் ஏ.சி. நீரில் உப்பில்லை, அதையும் ஊற்றலாம். உப்பிட்டு வேகவைத்த நீர், ஆணம் கழுவிய நீர் ஆகியவை கூடா. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம். எங்கள் ஊர்போல் நிலத்தடி நீர் உவர்ப்பாயுள்ள இடங்களில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். மழை பெய்யும்போது தொட்டிகளை நனையவிட்டால், அவ்வுப்புக் கரைந்து அடித்துளை வழியே வெளியேறும்.

சமையலறைக்கு அருகில் நான்கு செடிகள்

முதலில் புதினா. பிரியாணிக்கு வாங்கும் கட்டில் இலையை ஆய்ந்தபின் தண்டைக் குப்பையில் போடுகிறோம். திடமான தண்டுகளைத் தேர்ந்து, கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றினால் சில நாள்களில் துளிர்க்கும். ஆழத்தைவிட அகலமே இதற்குத் தேவை. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் போதும். இது ஈரத்தை விரும்பும் செடி. ஆனால் தேங்கும் நீரை இதுவும் தாங்காது.

அடுத்தது மல்லித்தழை. சமையலறையில் உள்ள மல்லியை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. வைக்கும் இடத்திலேயே விதையுங்கள். கடும் வெயிலில் விரைந்து பூத்துவிடும். கார்த்திகை முதல் தை வரையிலான குளிர்ந்த பருவமே அதற்கு உரியது.

மூன்றாவது கறிவேப்பிலை. முதல் ஆண்டில் மெதுவாகவே வளரும், அவசரப்பட்டு மொட்டையடிக்காதீர்கள். வேரூன்றியபின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். பறிக்கும்போது ஒவ்வோர் இலையாக உருவாமல் கொத்தாக ஒடியுங்கள். இளஞ்செடியில் பூ வந்தால் நீக்கிவிடலாம். இலைமேல் பறவை எச்சம் போன்ற புழு தென்பட்டால், அது வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. வளர்ந்தபின் பச்சை நிறமாகி, ஒரே நாளில் ஒரு கிளையை மொட்டையாக்கவும் வல்லது. மருந்து அடிக்கத் தேவையில்லை. கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும்.

நான்காவது மருதாணி. பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய குச்சியை வெட்டி, இரண்டு கணுவேனும் மண்ணுக்குள் இருக்க நட்டு, துளிர்க்கும் வரை நிழலில் வையுங்கள். பிறகு முழு வெயிலுக்கு மாற்றிவிடலாம். வெயிலையும் வறட்சியையும் தாங்குவது அதன் இயல்பு. நீர் மிகுவதுதான் அதற்குப் பகை.

பூச்சியும் கொசுவும்

மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத பேன்களும் சிலந்திப் பேன்களும் அங்கே சாறு உறிஞ்சும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தணிந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சியை நீரைப் பீய்ச்சியே உதிர்த்துவிடலாம். தெளித்த இலைகளைச் சமையலுக்கு எடுக்குமுன் நன்கு கழுவ வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த நீரிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீரைக் கொட்டினால் மட்டும் தீராது. நீர்மட்டத்தை ஒட்டித் தட்டில் பதிந்த முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை வீடு துப்புரவு செய்யும்போது தட்டுகளையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். உளூ நீரைச் சேர்த்து வைத்தவர்களும் அன்றன்றே ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். பச்சைக்காக வைத்த செடி, வீட்டுப் பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பும் காரணமாகிவிடக் கூடாது.

உம்மாவின் மருதாணிக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பெருநாளைக்கு எங்கள் ராத்தா வீட்டுக்குச் சென்றபோது, அவர் கொல்லைப்புறத்தில் ஆளுயர மருதாணி ஒன்று நின்றது. உம்மா உயிரோடிருந்தபோதே ஒரு குச்சியை அவருக்குக் கொடுத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். ராத்தா கோபிக்கவில்லை. ஒரு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றி என் மகளின் கையில் கொடுத்தார்.

இப்போது அது மாடியில் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. பொறுப்பு என் இளைய மகளுடையது. அஸருக்குப் பிறகு மாடியேறுகிறாள். விரலை மண்ணில் அழுத்திப் பார்க்கிறாள். சென்ற வாரம் நான் செம்போடு சென்றபோது, "வேண்டாம் வாப்பா, ஈரமா இருக்கு" என்று தடுத்துவிட்டாள். செம்பிலிருந்த நீரைப் புதினாவுக்குக் கொண்டுபோனேன். ஊற்றும் முன் அதன் மண்ணையும் தொட்டுப் பார்த்தேன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சமையலறைக் கழிவிலிருந்து எரு தயாரிக்கும் முறையைக் காண்போம். வஸ்ஸலாம்.