இருப்புச் சட்டியும் இல்லத்து உணவும்

நாகரிகம் என்னும் பெயரால் நம் அடுக்களைகளினின்று வெளியேற்றப்பட்ட பொருள்கள் பல. அவற்றுள் வார்ப்பிரும்பாலாகிய சட்டியும் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் முன்நிற்பன. நல்லூர், விருத்தாசலம் ஆகிய இவ்வூர்ப்புறங்களில் எத்தனையோ இல்லங்களில் அவை பரண்மீது துருவேறிக் கிடக்க, அடுப்பின்மீது ஒட்டாப் பூச்சுடைய மெல்லிய அலுமினியச் சட்டி வீற்றிருக்கின்றது. பரண்மீது கிடப்பது மீண்டும் கீழிறங்க வேண்டுமென்பதே எம் கருத்து.

இதற்குப் பழமையைச் சான்றாக இழுப்பார் உளர். தமிழகத்தில் இரும்பு மிகத் தொன்மையானதென்பது மெய்யே. சிவகளையிற் கிடைத்த சான்றுகள் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாட்டரசு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறும். ஆயினும் நம் பண்டைக் கொல்லர் உலையில் எடுத்தவை அடித்து உருவாக்கும் தேனிரும்பும் உலகு புகழ்ந்த உருக்குமேயாம். நீராய் உருகி அச்சில் வார்க்கப்படும் கரி மிகுந்த இரும்பு வேறு. அதனைப் பேரளவில் ஆக்க முயன்ற இடம் நமக்கு அயலதே. விருத்தாசலத்தைத் தழுவியோடும் மணிமுத்தாறு வெள்ளாற்றிற் கலக்க, அவ்வெள்ளாறு கடலைச் சேரும் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஊதுலை அமைத்தார். சேலத்து இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் நம்பி எழுந்த அவ்வாலை, கரிக்கு மரம் அருகியும் கடன் பெருகியும் அந்நூற்றாண்டு முடியுமுன்னே அவிந்தது. ஆகவே வார்ப்பிரும்புச் சட்டியை மூதாதையர் வைப்பென்று மார்தட்டுவதற்கில்லை. அதன் பெருமை அதன் பயனிலேயே காணப்படல் வேண்டும்.

அதனை விரட்டிய அலுமினியமும் அயலூரினின்று திடீரென வந்ததன்று. 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். இலேசு, மலிவு, விரைவிற் சூடேறுதல், துருவேறாமை ஆகிய குணங்களெல்லாம் அதற்கு உண்டு, மறுப்பார் யார்? ஆனால் சூடேறும் விரைவு வேறு, சூட்டைத் தாங்கும் ஆற்றல் வேறு. குளிர்ந்த மாவை ஊற்றிய மாத்திரத்தில் மெல்லிய தகடு தன் வெப்பத்தை இழந்துவிடும். கனத்த இருப்புக்கல்லோ தன்னுட் சேமித்த வெப்பத்தை வழங்கிக்கொண்டேயிருக்கும். தோசையின் ஓரம் முறுகுவதும், சேப்பங்கிழங்கு வறுவல் உள்ளே குழைந்து வெளியே மொறுமொறுப்பதும் இக்கனத்தால் வருவனவே. ஒட்டாப் பூச்சோ 260 பாகை செல்சியசுக்கு மேற் சிதையத் தொடங்கும். வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் மறந்துவைக்கும் வீட்டில் அச்சூடு அரிதன்று. பழகிய இரும்பின்மீது படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம் கெட்டாலும், மறுபடி எண்ணெயிட்டுக் காய்ச்சினால் அரைமணியில் மீளும்.

சுவையைப்பற்றி இவ்வளவு போதும். இனிக் கூறப்போவதே முதன்மையானது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுடையவர். நம் வகுப்பறைகளில் உள்ள பெண்மக்களை மனத்திற்கொண்டு இவ்வெண்ணை நோக்குக. 1999இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த எத்தியோப்பிய ஆய்வொன்றில், ஓராண்டு இருப்புப் பானையிற் சமைத்துண்ட சிறுவரின் குருதிச் சிவப்பணுப் பொருள் சராசரி 1.7 கிராம் உயர, அலுமினியப் பானையில் உண்டார்க்கு 0.4 கிராமே உயர்ந்தது. 1986இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், 100 கிராம் தக்காளிச் சாறுக்குழம்பிலிருந்த 0.6 மில்லிகிராம் இரும்பு, இருப்புச் சட்டியில் வெந்தபின் 5.8 ஆயிற்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் தகாது. புளிப்பே இரும்பைக் கரைத்து உணவிற் சேர்ப்பது. ஆனால் புளிக்குழம்பை இருப்புச் சட்டியில் வையாதே என்பதே நம் பாட்டிமார் கட்டளை. அவர்கள் கூறியது பிழையன்று: நெடுநேரங் கிடந்தால் குழம்பு கறுக்கும், உலோகவாடை ஏறும், எண்ணெய்ப் படலமும் கழலும். வாழைப்பூவும் இரும்பிற் கறுப்பது அதன் துவர்ப்பினால். கடுக்காயும் அன்னபேதியும் கூடி எழுதும் மையாவதும் இவ்வியல்பினாலேயே. (அவ்வன்னபேதியையே செந்தூரமாக்கிச் சித்த மருத்துவர் சோகைக்கு அளிப்பதை நோக்கின், அடுக்களையும் மருந்துப்பெட்டியும் அத்துணைத் தொலைவினவல்ல.) ஆதலின், நெடிது கொதிக்கும் புளிக்குழம்பையும் இரசத்தையும் மண்சட்டிக்கும் கல்சட்டிக்கும் விட்டுவிடுக. தக்காளித் தொக்கு, வெண்டைக்காய் வதக்கல், கீரைப் பொரியல், முட்டைப் பொரியல் ஆகியவற்றை இரும்பிற் செய்து, வெந்தவுடன் வேறு கலத்துக்கு மாற்றிவிடலாம். இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு உடலிற் சேர்தற்கும் துணையாகும்.

பீங்கானுக்குப் பேர்பெற்ற விருத்தாசலத்தார் ஒன்று கேட்கலாம்: இரும்பின்மீது பீங்கான்போற் பூச்சிட்ட சட்டிகள் உளவே, அவை ஆகாவோ என்று. சமையலுக்கு ஆகும், புளிக்கும் அஞ்சா. ஆனால் அக்கண்ணாடிப் பூச்சு இரும்பை உணவினின்று பிரித்துவிடுதலின், நாம் வேண்டும் பயன் அவற்றிற் கிட்டாது. தலசீமியா முதலிய நோய்களால் உடலில் இரும்பு மிகுந்தார் இச்சட்டியை விலக்க வேண்டும். கடுஞ்சோகையுடையார்க்கு மருத்துவரும் மாத்திரையுமே வழி, சட்டி துணைமட்டுமே. கனம் என்னும் குறையும் மெய்தான். முதியோர் கைக்கு ஏழங்குலச் சிறுசட்டி போதும். நம் விடுதிச் சமையற்கூடத்திற்கோ கனம் ஒரு தடையன்று. அங்கே காலைத் தோசைக்கும் மாலைப் பொரியலுக்கும் வார்ப்பிரும்பை வைத்தல் விடுதி நிர்வாகிகளுக்கு எளிதே. பெருஞ்செலவில்லை; நெடுநாள் உழைக்கும்; உடைந்தாற்கூட உருக்கி வார்க்கலாம்.

பரணிலிருந்து இறக்கிய சட்டியைத் தேங்காய் நாரால் துருப்போகத் தேய்த்து, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துக் கழுவுக. ஈரமின்றித் துடைத்து, நல்லெண்ணெய் மெல்லெனத் தடவி, புகையெழும்வரை காய்ச்சி ஆறவிடுக. இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தபின் முதலில் வெங்காயம் வதக்குக. அதனை உண்ணாமல் எறிந்துவிட்டு, மறுநாள் தோசை வார்க்கலாம்.