பழைய வண்டிக்கு முதல் மாதம் முழு லோடு வேண்டாம்

பூதப்பாண்டியிலிருந்து தடிக்காரன்கோணம் வரை உள்ள ஊர்களில் வாழைத்தோட்டத்து ஓரங்களில் பழைய டீசல் பிக்கப் வண்டிகள் நிற்பதைப் பார்க்கிறோம். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப் வண்டிகளும் உண்டு. இவை ஒரு கை, இரண்டு கை மாறி, இன்று சிறு விவசாயி எட்டிப் பிடிக்கும் விலைக்கு வந்து விட்டன. வாடகை வண்டிக்காரருக்குச் சௌகரியப்படும் நேரம் பார்த்துக் குலை வெட்டி, அவர் வரும் வரை வெயிலில் போட்டு வைத்த நமக்கு, முற்றத்திலேயே வண்டி நிற்பது பெரிய ஆறுதல்தான். வாங்குவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வாங்கிய மறுநாளே முழு லோடு ஏற்றுவதுதான் தவறு.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்து விடுகிறோம். பிறகு போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் மறுநாள் விடியற்காலையிலேயே வடசேரி சந்தைக்குப் புறப்படுகிறோம். என் கருத்து வேறு. வண்டிக்கென்று பத்துப் பங்கு பணம் இருந்தால் எட்டுப் பங்குக்குத்தான் வண்டி பார்க்க வேண்டும். மீதி இரண்டு பங்கு முதல் மாதப் பராமரிப்புக்கு. அந்த மாதம் அரை லோடு, பக்கத்து ஊர், பகல் நேரம் என்று ஓட்டி வண்டியின் குணத்தைப் படிக்க வேண்டும். புதிதாகப் பிடித்து வந்த காளையை அன்றே பார வண்டியில் பூட்டுவோமா?

விற்கிறவர் நிலையையும் யோசித்துப் பாருங்கள். விற்பது என்று முடிவு செய்தவர் புது ஆயில் ஊற்ற மாட்டார், பெல்ட் மாற்ற மாட்டார், பிரேக் லைனிங் பார்க்க மாட்டார். அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். ஆகவே நம் கைக்கு வரும் வண்டி எல்லாச் செலவும் தள்ளிப் போடப்பட்ட வண்டி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். ஓணத்துக்குப் பத்து நாள் முன்பு வண்டி வாங்கினேன். ஏத்தங்குலைக்கு நல்ல விலை. மூன்றாம் நாளே குலை ஏற்றித் திருவனந்தபுரம் புறப்பட்டேன். தக்கலை வந்து சேரும் முன்பே பாட்டரி விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில் சூடு காட்டும் முள்ளும் மேலே ஏறியது. பழைய வண்டிதானே, முள் பழுதாக இருக்கும் என்று மேலும் ஓட்டினேன். உண்மையில் பேன் பெல்ட் அறுந்து, தண்ணீர் பம்பு நின்று போயிருந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். குலை மறுநாள்தான் வேறு வண்டியில் போய்ச் சேர்ந்தது. அதற்குள் பாதி கருத்து விட்டது. "அண்ணாச்சி, சில நூறு ரூவா பெல்ட்டு எஞ்சினையே தின்னுட்டு" என்றார் மெக்கானிக்.

ஆகவே முதல் கவனம் சூட்டுக்கு. டீசல் எஞ்சின் ஓடி ஓடித் தேய்ந்து சாவதை விடச் சூடேறிச் சாவது அதிகம் என்பது என் அனுபவம். வாங்கிய வாரமே ரேடியேட்டர் தண்ணீரை முழுவதும் வடித்து, சுத்தம் செய்து, கம்பெனி புத்தகத்தில் சொன்ன கூலன்ட் ஊற்ற வேண்டும். நம்மில் பலர் வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பேச்சிப்பாறைக் கால்வாய்த் தண்ணீர் பயிருக்கு நல்லது, ரேடியேட்டருக்கு அல்ல. தண்ணீரில் உள்ள உப்பு, கொதி பானையின் அடியில் படிவது போல உள்ளே படியும். துருவும் சேரும். பிறகு நுண்ணிய குழாய்கள் அடைத்துக் கொள்ளும். வழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் தவறில்லை. வீடு வந்ததும் வடித்து மாற்றி விட வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. முகம் வெந்து போகும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறும் வரை மரத்தடியில் உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை.

பேன் பெல்ட்டையும் ரப்பர் ஹோஸ்களையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றி விடுங்கள். கழற்றிய பெல்ட் நல்லதாக இருந்தால் இருக்கைக்கு அடியில் உபரியாகக் கிடக்கட்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், அது எப்போது மாற்றியது என்று தெரியாத நிலையில் அதையும் மாற்றத்தான் வேண்டும். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக் கொள்ளும்.

இன்னொன்று தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து, சூடானதும் திறந்து விடும் சிறு மடை அது. "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சில ஒர்க்‌ஷாப்களில் கழற்றி எறிந்து விடுகிறார்கள். மடையைப் பிடுங்கி எறிந்த குளத்தின் கதிதான் அந்த எஞ்சினுக்கும். குளிர்ந்தபடியே ஓடும் டீசல் எஞ்சினில் எண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். பழைய வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.

ஆயில் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் பம்பு செட் எஞ்சின் வைத்து ஓட்டியவர்கள். மீட்டர் காட்டும் கிலோ மீட்டரை நம்பாமல், வாங்கிய அன்றே ஆயிலையும் பில்டரையும் மாற்றி, அன்றிலிருந்து புதுக் கணக்கு எழுத வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கருத்து விடும், அது இயல்பு. பால் விட்ட காப்பி நிறம் கண்டால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அளவு கம்பியில் ஆயில் குறைவது போலவே கூடுவதும் கெடுதிதான். டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. கியர் பெட்டி ஆயிலையும் பின் ஆக்சில் கிரௌன் ஆயிலையும் யாரும் நினைப்பதே இல்லை. ஒரு முறை மாற்றி விட்டால் வெகு காலத்துக்கு நிம்மதி. அக்காலத்தில் வண்டி அச்சுக்கு மை போடாமல் யாரும் வண்டி கட்டியதில்லை. கிரீஸ் நிப்பிள்களுக்கும் அதே மரியாதை கொடுக்க வேண்டும்.

டீசலில் தண்ணீர் கலப்பது நம் மாவட்டத்தில் தனிப் பிரச்சினை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. டாங்கு பாதி காலியாக இரவெல்லாம் நின்றால் ஈரக்காற்று உள்ளே வியர்க்கும். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கும் பழக்கம் வேண்டும். டீசல் முழுவதும் தீரும் வரை ஓட்டினால் குழாயில் காற்றுப் புகும். பம்பு செட்டில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது நமக்குக் கை வந்த வேலை. பழைய மாதிரி பம்பு உள்ள வண்டியிலும் அப்படிச் செய்யலாம். ஆனால் காமன் ரெயில் எஞ்சினில் ஸ்பேனரோடு அருகில் போகவே கூடாது. அதன் குழாய்களில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. சிறு கசிவுகூட ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் பட்டால் சிறு காயம் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த எஞ்சினுக்குக் கைப்பம்பு அடிப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் ஆசையும் வேண்டாம். டீசலின் வழுவழுப்பில்தான் அதன் பம்பே உயிர் வாழ்கிறது.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு விற்கப்பட்ட பி.எஸ்.6 வண்டிகளும் இப்போது பழைய வண்டியாக வரத் தொடங்கி விட்டன. பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு பில்டர் உண்டு. புகைக்குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும். பூதப்பாண்டிக்கும் வடசேரிக்குமாகப் பத்துக் கிலோ மீட்டர் அளவே ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வராது, பில்டர் அடைத்துக் கொள்ளும். இடையிடையே ஆரல்வாய்மொழி பக்கம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் புத்தகத்தில் சொன்னபடி செய்யுங்கள். அந்த எஞ்சினுக்கான ஆயிலும் தனி ரகம். கரி எரியும் வேளையில் காய்ந்த வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். களத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

அடுத்தது பிரேக். சமவெளிக்காரர்களுக்கு இது ஓர் அம்சம், நமக்கு உயிர். கீரிப்பாறை பக்கமிருந்து லோடோடு இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள் சிலர். இதில் மிச்சம் ஒன்றுமில்லை. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், வண்டி உருளும் வேகமே எஞ்சினைச் சுற்றும். பம்பு டீசலை அடைத்து விடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக் கொள்ள டீசல் குடிக்கும். எஞ்சினையே அணைத்து விட்டால் இன்னும் ஆபத்து. பிரேக்குக்குத் துணை நிற்கும் வாக்குவம் தீர்ந்து, பெடல் கல்லாகி விடும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதே சரி. பிரேக் எண்ணெயும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பழைய வண்டியில் அதை வாங்கிய வாரமே மாற்ற வேண்டும். ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரம் மெதுவாகப் பிரேக்கை அழுத்தி உலர்த்திக் கொள்ளுங்கள்.

லோடு பற்றி நம் ஆட்களிடம் பேசினால் சண்டைக்கு வருகிறார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஆர்.சி.யில் போட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் வருவதுதான் லோடு. ஓட்டுகிறவரும் கூட ஏறுகிறவரும் அதில் அடக்கம். முக்கால் டன் வண்டி என்றால் ஆட்களின் எடையையும் சேர்த்தே 50 கிலோ கலப்பு உரம் 15 மூட்டை அளவு, அல்லது 15 கிலோ குலை 50 அளவு. அதற்கு மேல் ஏற்றினால் வருவது லாபம் போலத் தெரியும். ஸ்பிரிங் பட்டை, கிளட்ச், டயர் மூன்றும் அந்த லாபத்தை வட்டியோடு வாங்கிக் கொள்ளும். 2019 திருத்தச் சட்டப்படி அதிக எடைக்கு அபராதம் ரூ. 20,000, மேலும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. ஒரு போக வாழையில் எத்தனை குலை அது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக்கி வைத்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என்று சந்தேகப்படலாம். ஓடும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடித்தால் ரிங்குகள் தேய்ந்தாயிற்று. மூன்றாவது, வெள்ளம். நம் மாவட்டத்தில் 2021 நவம்பரிலும், திருநெல்வேலி, தூத்துக்குடியில் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தது. அந்த நீரில் முழுகிய வண்டிகளும் கைமாறி வரக்கூடும். கால் விரிப்புக்கு அடியிலும், இருக்கை போல்ட்டுகளிலும், கதவு அட்டைக்கு உள்ளேயும் வண்டல் மண்ணும் துருவும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்து விடுங்கள்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக: 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யை உடனே பெயர் மாற்ற வேண்டும். பழைய கடன் இருந்தால் 35-ம் படிவமும் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. உண்டு. அந்தச் செலவையும் விலை பேசும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு லோடு மட்டும் உள்ளவர்கள் வண்டியே வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நிற்கும் வண்டியும் கெடும், பாட்டரி இறங்கும், டயர் வெடிக்கும், இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு வாடகை வண்டியே லாபம். இதைச் சொன்னதற்காக என்னோடு பேசாமல் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் உண்டு.

வாங்குவது என்று முடிவானால் சித்திரையில் வாங்குங்கள். கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும், சந்தை ஓட்டம் குறைவு. வைகாசிக்குள் ஆயில், கூலன்ட், பெல்ட், பிரேக் எல்லாம் மாற்றி, அரை லோடில் ஓட்டிப் பார்த்து, கசிவுகளை அடைத்து, வைப்பர் ரப்பர் வரை சரி செய்து விடலாம். இடவப்பாதி மழை தொடங்கும்போது வண்டியின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆவணியில் ஓணக்குலை வெட்டும்போது அது தயாராக நிற்கும்.