வெள்ளெழுத்தும் வேதப்புத்தகமும்



நாற்பது வயதையொட்டி, கையிலுள்ள புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெளிவாகும் என்ற நிலை வருகிறது. இதை நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றார்கள். சாளேஸ்வரம் என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது ஏற ஏற நெகிழ்ச்சியை இழப்பதே இதன் காரணம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம். பின்னர் கண்புரையோ, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்போ சேர்ந்துகொள்ளும்போது, சிலர் வாசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தியதை ஒருவரிடமும் சொல்வதில்லை. இந்த வாரம் நான் எழுத விரும்புவது அதைப் பற்றியே.

துறைமுகத்திலும், எண்ணூர், மணலி ஆலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றுப் புழலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நம் நடுவே பலர் உண்டு. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும்படி கேட்டால், "தொண்டை சரியில்லை ஐயா, தம்பி வாசிக்கட்டும்" என்று விலகிக்கொள்வார்கள். வீட்டு ஜெபத்தில் மடியின்மேல் வேதாகமம் திறந்திருக்கும்; வசனமோ மனப்பாடமாக வரும். மனப்பாடம் பெரிய ஆசீர்வாதம்தான். ஆயினும் மனதில் நிற்பவை சில சங்கீதங்களும், மலைப்பிரசங்கத்தின் சில பகுதிகளுமே. ஆகாயும் ஆபகூக்கும் எபிரெயர் நிருபமும் அவர்களுக்கு மூடிய புத்தகங்களாகிவிட்டன.

இவர்களில் பலருக்குப் பிள்ளைகள் வாங்கித் தந்த கைப்பேசி இருக்கிறது. சிலரிடம் கிண்டில் போன்ற மின்வாசிப்புக் கருவியும் இருக்கிறது. விரும்பிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம். ஆனாலும் ஆலயத்துக்குள் அதை வெளியே எடுக்கக் கூசுகிறார்கள். "இக்காலத்துப் பிள்ளைகள் வேதப்புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனோடு வருகிறார்கள்" என்ற குறை எல்லாச் சபைகளிலும் பேசப்படுகிறதல்லவா? இளைஞரை நோக்கி எறியும் அந்தக் கல் முதியோர்மேல் போய் விழுகிறது.

வேதாகமத்தின் எழுத்து சிறிதாய் இருப்பதில் பரிசுத்தம் எதுவும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் அவருடைய உடன் ஊழியரும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட முனைந்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாய் இருந்தன. அவற்றால் முழுவதையும் அச்சிடத் தாள் போதாது. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் வேலையை முடித்தார்கள். பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. தாளின் விலையும் புத்தகத்தின் பருமனும் எழுத்தைச் சுருக்கின. அந்தச் சிக்கனத்துக்கு இன்று விலை கொடுப்பது எழுபது வயதுக் கண்.

நம் வடசென்னையே இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி காட்டியிருக்கிறது. இராயபுரத்துக்கு அருகே கொண்டித்தோப்பிலிருந்து பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் வெளியிட்ட கதைப்புத்தகங்களை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். "பெரிய எழுத்து" என்பதையே தலைப்பின் முன்னால் போட்டு விற்றார்கள். விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் அப்படித்தான் திண்ணைகளுக்கு வந்து சேர்ந்தன. தட்டுத் தடுமாறி வாசிப்பவரும், மங்கிய விளக்கில் வாசிப்பவரும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதும் அந்த வியாபாரிகளின் கணக்கில் இருந்தன. கதை விற்றவர்களுக்கு இருந்த இந்தக் கரிசனை வேதத்தை அறிவிக்கிற நமக்கு எவ்வளவு அதிகமாய் இருக்கவேண்டும்! பெரிய எழுத்து வேதாகமங்கள் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவற்றின் பாரத்தை மூட்டுவலியுள்ள ஒரு தாயார் எவ்வளவு நேரம் ஏந்துவார்?

மின்வாசிப்புக் கருவி ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ளது. கைப்பேசித் திரை கண்ணுக்குள் ஒளி வீசுகிறது. மின்மைத் திரையோ தாளைப்போல வெளி ஒளியைத் திருப்பித் தருகிறது, வேண்டுமானால் திரைமேல் படியும் மெல்லிய விளக்கையும் ஏற்றிக்கொள்ளலாம். இது சிறிய உதவியன்று. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையைச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணைச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. முதியவருக்கு எழுத்தின் அளவைப்போலவே வெளிச்சமும் வேண்டும். நம் ஆலயத்தின் பின்வரிசைக் குழல்விளக்குகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அது கமிட்டியில் பேசவேண்டியது.

கருவியின் குறைகளையும் மறைக்கமாட்டேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; அதிலும் நம் பழைய மொழிபெயர்ப்பில் சொற்கள் சேர்ந்து சேர்ந்து வரும். கைப்பேசியில் எழுத்தை மிகப் பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு சொல்லே நிற்கும், வாக்கியம் கையை விட்டு நழுவும். பழைய நூல்களைப் படமாக எடுத்துச் சேமித்த கோப்புகளில் எழுத்து பெரிதாகும், வரி மடங்காது. ஒவ்வொரு வரிக்கும் திரையை இழுத்து இழுத்து வாசிக்கவேண்டும். ஆகையால் பெற்றோருக்கு வாங்கித் தரும் பிள்ளைகள், எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி தானே மடங்குகிற மின்னூலாகப் பார்த்துத் தாருங்கள்.

அதற்கும் முன்னே கண்ணைக் காட்டுங்கள். கண்புரைக்கு எந்தக் கருவியும் மருந்தாகாது. 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று ஒருவரும் இருளில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்கள் பார்வை நன்றாயிருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

அச்சுப்புத்தகத்தை விட்டுவிடச் சொல்கிறேனோ என்று சிலர் வருந்தலாம். சபையில் ஒரு தாயார் தம் வேதாகமத்தை எனக்குக் காட்டினார். முதல் பக்கத்தில் திருமண நாள், பிள்ளைகளின் ஞானஸ்நான நாள்கள், கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். உள்ளே சிவப்பு மையில் கோடுகள். "இடப்பக்கம், கீழே, கோடு போட்டது" என்று விரலால் தேடி வசனத்தைத் தொடுகிறார். எழுத்து அவருக்குத் தெரியவில்லை. இந்த நினைவுத் தடத்தை எந்தத் திரையும் தராது. அந்தப் புத்தகம் அவர் மடியிலேயே இருக்கட்டும். அடுத்த அதிகாரத்தை வாசிக்க மட்டும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

ஈசாக்கின் கண்கள் மங்கின. ஏலியின் கண்களும், தீர்க்கதரிசி அகியாவின் கண்களும் மங்கின. 120 வயதிலும் மங்காத கண் மோசேக்கு வாய்த்தது. வேதமே அதைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்வதால் அது எவ்வளவு அரிது என்று விளங்கும். பவுல் கலாத்தியருக்குத் தம் கையால் எழுதிய முடிவுரையில், தாம் எழுதும் எழுத்துகளின் பெரிய அளவைச் சுட்டுகிறார். கிரேக்க மூலத்தின் பொருள் அது. பார்வைக் குறைவே காரணம் என்போரும் உண்டு, வலியுறுத்தவே அப்படி எழுதினார் என்போரும் உண்டு. மேலும், சுருளை விட்டு, ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய புத்தக வடிவத்துக்கு முதன்முதல் பெருமளவில் மாறியவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்களே. அந்நாளிலும் "சுருள் இல்லாமல் வந்துவிட்டான்" என்று யாரோ ஒருவர் முகம் சுளித்திருப்பார்.

வருகிற மாத முதல் ஞாயிறு முதல், வேதபாடப் பகுதிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் வாசிப்பு மேடையில் இருக்கும். கருவியிலிருந்து வாசிக்க விரும்புகிறவர் தம்முடையதையே கொண்டுவரலாம். முதல் பாடத்தை அறுபது வயதைக் கடந்த ஒருவர் வாசிப்பார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். தொண்டை சரியில்லாதவர்களும் வரலாம்.