மலையேறும் வண்டிக்கு எத்தனை பல்?

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் அன்னாசியும் விளைவிக்கும் சிறு விவசாயிக்கு இன்று மோட்டார் சைக்கிளும் ஓர் உழவுக் கருவிதான். உர மூட்டை அதில்தான் தோட்டத்துக்குப் போகிறது; பலாப்பழம் அதில்தான் சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிறது. மண்வெட்டி வாங்கும்போது காம்பு கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் நம் விவசாயிகள், வண்டியின் பல்சக்கரம் மலைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் கிளட்ச் கருகும் வாடை வராமல் நான் மலையேறிய நாட்கள் குறைவு.

இந்தக் கணக்கு விவசாயிக்குப் புதிதல்ல. ஆயில் எஞ்சினுக்குப் பெல்ட் மாட்டிப் பம்பு ஓட்டியவர்கள் அறிவார்கள்: எஞ்சினில் சிறிய புல்லியும் பம்பில் பெரிய புல்லியும் போட்டால் பம்பு மெதுவாகச் சுழலும், எஞ்சின் திணறாது. வண்டியில் பெல்ட்டுக்குப் பதில் செயின். புல்லிக்குப் பதில் ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரம். முன்னால் சிறியது, பின்சக்கரத்தில் பெரியது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது முன்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்று வரும். முன்னால் 13 பல் போட்டால் இந்த 3 என்பது 3.23 ஆகிவிடும். இழுவை ஏறத்தாழ 8 சதவிகிதம் கூடும். அதே எஞ்சின் ஓட்டத்தில் வேகம் 7 சதவிகிதம் குறையும். முன்பல்லைத் தொடாமல் பின்னால் 45 பல் போட்டாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். முன்னால் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம்.

எட்டு சதவிகிதம் பெரிதா என்று கேட்கலாம். மலையில் பெரிதுதான். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, மூட்டை 50 கிலோ, ஆக 220 கிலோ. பத்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 22 கிலோ, வண்டியை ஓயாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பலமும் அந்த அளவில் குறைகிறது. இப்போது வரும் பெட்ரோல் பீச்சும் வண்டிகள் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றை அவையும் கொண்டுவர முடியாது. ஆகவே ஒரு பல் குறைப்பதால் வண்டிக்குப் புதுப் பலம் வந்துவிடுவதில்லை. மலை எடுத்துக்கொண்ட இழுவையில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவே.

மைலேஜ் கூடும் என்று சிலர் முன்னால் ஒரு பல் கூட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். நாமக்கல் சாலையில் அது சிறிது உதவலாம். மலை விவசாயிக்கு அது தவறு என்பதே என் கருத்து. இரண்டாவது கியரில் ஏற வேண்டிய இடத்தில் வண்டி முதல் கியருக்கு இறங்கி அலறும். அல்லது இரண்டாவதிலேயே பாதிக் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஏற வேண்டிவரும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். கியர் மாற்ற வழியில்லாத மொபெட்டுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே இழுவையைக் கூட்டப் பல்சக்கரத்தைத் தவிர வேறு வழியே இல்லை.

எல்லோரும் மாற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வழக்கமான பாரத்துடன் இரண்டாவது கியரில் கிளட்ச் பிடிக்காமல் ஏறுகிறதென்றால் வண்டியைத் தொட வேண்டாம். தினமும் சேந்தமங்கலம், நாமக்கல் என்று கீழேயே ஓடுபவருக்கும் தேவையில்லை. திணறும் வண்டிக்கும் முதலில் டயர் காற்று, செயின் தளர்ச்சி, கிளட்ச் கம்பி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே பல்லுக்கு வர வேண்டும். வண்டி தாங்கும் என்று கம்பெனி சொன்ன பாரத்துக்கு மேல் ஏற்றுபவருக்கு எந்தப் பல்சக்கரமும் உதவாது. இரண்டு மரவள்ளி மூட்டையை ஒரே நடையில் ஏற்றும் தம்பிகள் மன்னிக்க வேண்டும், இது அவர்களுக்காகவே எழுதியது.

மாற்றுவதானால் முன்னால் ஒரு பல் மட்டும் குறைத்தால் போதும். இரண்டு பல் குறைத்தால் செயின் மிகச் சிறிய வட்டத்தில் வளைந்து விரைவில் தேயும். சில வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் கையில் உரசும். பின்னால் பல் கூட்டினால் செயினுக்குக் கண்ணி சேர்க்க வேண்டிவரும், செயின் மூடியும் இடிக்கலாம். தேய்ந்த செயினோடு புதுப் பல்சக்கரத்தைச் சேர்ப்பது கூடவே கூடாது. செயினையும் இரு சக்கரங்களையும் ஒன்றாக மாற்றுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இறக்கத்திலும் இதனால் ஒரு நன்மை உண்டு. பல் குறைத்த வண்டியை எஞ்சினே கூடுதலாகப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடாவது குறையும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குபவருக்கு இந்த நன்மை கிடையாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

மாற்றிய பின் முதல் வாரம் பாதிப் பாரத்துடன் ஓட்டி, செயின் தளர்ச்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எத்தனை இடத்தில் முதல் கியருக்கு இறங்க நேர்ந்தது என்று எண்ணி, மிளகுக் கணக்கு எழுதும் நோட்டிலேயே குறித்து வையுங்கள்.