முதலிடம் விலைக்குக் கிடைக்காது

பணம் கட்டினால் கூகுள் தேடலில் முதலிடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை சிறுதொழில் செய்வோரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. தொழிலையே சேதப்படுத்தக்கூடிய நம்பிக்கையும்கூட. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஹவுராவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். பெலிலியஸ் சாலை, லிலுவா, தாஸ்நகர் பகுதிப் பட்டறைகளால் ஒரு காலத்தில் ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்று பெயர்பெற்ற ஊர் அது. நியூயார்க் தெருக்களில் பதிக்கப்பட்ட பாதாளச் சாக்கடை மூடிகளில் பல, ஹவுராவின் வார்ப்பிரும்புப் பட்டறைகளில் உருவானவை. கடல் கடந்து சரக்கு அனுப்பும் தொழிலில், முன்பின் தெரியாத வாங்குநர் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் இணையதளத்தைத்தான். அந்தத் தளத்தைச் சீராக்க வேண்டிய பணம், ‘ஒரே மாதத்தில் முதல் பக்கம்’ என்ற வாக்குறுதிக்குப் போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. இணையப் பக்கங்களைத் தேடிச் சென்று படிக்கிறது, படித்ததை அட்டவணைப்படுத்துகிறது, யாராவது தேடும்போது பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படையாகக் கொண்ட ‘பேஜ்ரேங்க்’ முறை, ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்து பிறந்தது. ஒரு பக்கத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்பு, அதன் மதிப்புக்குச் சாட்சியாகக் கொள்ளப்பட்டது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. அவற்றில் எதுவும் கட்டணம் அல்ல.

விளம்பர இடத்துக்குப் பணம் கட்டலாம். அது விளம்பரம் என்று தெரிவிக்கும் அடையாளத்துடன் தனியாக வரும். பணம் நின்றதும் மறைந்துவிடும். விளம்பரம் கொடுப்பதால் இயல்பான தேடல் வரிசையில் ஏற்றம் கிடைக்காது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்புகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. கூகுளுடன் தனித் தொடர்பு இருப்பதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருக்கும்படியும் அதே குறிப்புகள் அறிவுறுத்துகின்றன.

அடுத்த மாயை, சொற்களை அடுக்குவது. பக்கத்தின் மறைவான பகுதியில் நூறு கீவேர்டுகளைத் திணித்தால் தளம் மேலே வரும் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அப்படித் திணிக்கப் பயன்படும் மெட்டா கீவேர்டு குறிச்சொல்லை வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

இணைப்புகளை விலைக்கு வாங்குவது இதைவிட ஆபத்தானது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் சில்லறை நிறுவனமான ஜே.சி. பென்னிக்காகத் தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்ததை ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிப்படுத்தியது. வரவேற்பறை மரச்சாமான்களுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்நிறுவனம் 68ஆம் இடத்துக்குச் சரிந்தது. தனக்குத் தெரியாமல் நடந்ததாகக் கூறி, அமர்த்தியிருந்த தேடுபொறி உகப்பாக்க (எஸ்இஓ) நிறுவனத்தை அது விலக்கியது. அதனால் சரிவு தடுக்கப்படவில்லை. 2006இல் ஜெர்மன் பிஎம்டபிள்யூ தளம், தேடுபொறியை ஏமாற்றும் பக்கங்களை வைத்திருந்ததால் அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டது. 2012 ஏப்ரலில் வந்த கூகுளின் ‘பெங்குவின்’ மாற்றம் இத்தகைய போலி இணைப்புகளையும் குறிவைத்தது. பெருநிறுவனங்கள் இந்த அடியைத் தாங்கி எழுந்துவிடும். ஏற்றுமதி ஆர்டரை நம்பி வாழும் பட்டறையால் அது இயலாது.

முதலிட வாக்குறுதி நிறைவேறியதுபோல் தோன்றும் இடங்களும் உண்டு. நிறுவனத்தின் சொந்தப் பெயரையோ, யாருமே தேடாத நீண்ட சொற்றொடரையோ தட்டினால் தளம் முதலில் வருவது இயல்பு. உரிமையாளர் தம் ஊரில், தம் கைபேசியில் தேடும்போது, இருப்பிடத்துக்கேற்ப மாறும் முடிவுகள் அவருக்கே சாதகமாக அமையலாம். இதையே சாதனையாகக் காட்டிக் கட்டணம் வாங்குவது ஏமாற்று வேலை. வெளிநாட்டு வாங்குநரின் திரையில் என்ன வருகிறது என்பதே கேள்வி.

பெரிய நிறுவனங்களும் இந்தியாமார்ட் போன்ற வணிகத் தொகுப்புத் தளங்களும்தானே மேலே நிற்கின்றன, கூகுளே பாரபட்சமாக நடந்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் சுமார் 136 கோடி ரூபாய் அபராதம் விதிக்கவில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பழைய பெயருக்கும் பெரிய தளத்துக்கும் அனுகூலம் இருக்கிறது. ஆனால் ஆணையம் கண்டித்தது கூகுள் தன் சொந்தச் சேவையை முன்னிறுத்தியதை. இடைத்தரகர் வழியாக முதலிடம் விற்றதை அல்ல.

சிறு பட்டறைக்கு வழி இருக்கிறது. சாக்கடை மூடி என்ற பொதுச் சொல்லுக்காகப் பெரிய தளங்களோடு மோதுவது வீண். கொள்முதல் செய்யும் பொறியாளர் தரநிலையையும் அளவையும் சொல்லித் தேடுகிறார். இந்தியத் தரமான ஐஎஸ் 1726, ஐரோப்பியத் தரமான இஎன் 124, வாகனங்கள் ஓடும் சாலைக்குரிய 400 கிலோநியூட்டன் சுமை தாங்கும் டி400 வகை என ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் வேண்டும். அதில் அளவு, எடை, சோதனைச் சான்று, பட்டறையில் எடுத்த படம் ஆகியவை இடம்பெற வேண்டும். பக்கம் கைபேசியில் விரைவாகத் திறக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் முகவரியும் வேலை நேரமும் சரியாக இருக்க வேண்டும்; உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றும் முக்கியமாகக் கணக்கில் கொள்ளப்படுகின்றன என்று கூகுள் கூறுகிறது. தளம் எந்தத் தேடல்களில் தென்படுகிறது என்பதை கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ கருவி இலவசமாகவே காட்டும்.

இந்த வேலை பலன் தரப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். நேர்மையான எஸ்இஓ வல்லுநர் இந்தக் கால அளவையும் செய்யப்போகும் வேலைகளையும் எழுத்தில் தருவார். அவருக்குக் கொடுக்கும் ஊதியம் வீணல்ல. முதலிடத்துக்கு உத்தரவாதம் தருபவரை எந்தத் தொழில்முனைவோரும் வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.