வாங்காதவரிடம் இருக்கிறது யோசனை

புதிய பொருளுக்கான நல்ல யோசனைகள் கூட்ட அறைகளில் பிறப்பது அரிது. கடைக்கு வந்தும் வாங்காமல் போகிறவரைக் கவனித்தவர்களுக்கே அவை கிடைத்திருக்கின்றன.

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் போகும் சாலையில், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். வெளியூர் லாரி ஓட்டுநர்களுக்கு அது ஒரு சோதனைச் சாவடியின் பெயர். சுற்றுவட்டாரத்தில் முதலமடையின் மாந்தோப்புகள். ஆண்டு பிறந்த கையோடு வட இந்தியச் சந்தைகளுக்கு மாங்காய் அனுப்பத் தொடங்கிவிடும் தோப்புகள் அவை. எல்லையின் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் மளிகைக் கடைகளின் வாசல் ஒரே மாதிரிதான் இருக்கிறது. சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள்: ஷாம்பூ, சலவைத் தூள், காபித் தூள், தலைக்கு எண்ணெய். அன்றாடக் கூலிக்குப் போகிறவர் அன்றாடத்துக்கு வேண்டியதை அன்றன்று வாங்குகிறார். மாதச் சம்பளக்காரர் போல அவர் பாட்டில் வாங்குவதில்லை.

இந்தச் சரம் ஏதோ ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் வேர் இருப்பது கடலூரில். புதிய பொருளுக்கு யோசனை தேடி அலையும் நிறுவனங்கள் இன்றும் அந்த வேரைத் தோண்டிப் பார்க்கலாம்.

கோவை, சென்னை, பெங்களூர் நிறுவனங்களில் புராடக்ட் மேனேஜர் என்றொரு பதவி உண்டு. அடுத்து எதைத் தயாரிப்பது, யாருக்கு, என்ன விலையில் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். யோசனைகள் வற்றும்போது அவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். பத்துப் பேரை ஓர் அறையில் கூட்டுகிறார். வெள்ளைப் பலகையில் எல்லோருடைய யோசனைகளும் ஏறுகின்றன. மாலைக்குள் எண்பது, நூறு சேர்ந்துவிடும். ஆனால் அந்த நூறையும் உற்றுப் பார்த்தால் இரண்டே வகைதான் இருக்கும். போட்டி நிறுவனம் செய்வதை நாமும் செய்வது. நம்மிடம் உள்ள இயந்திரத்தில் வேறென்ன செய்யலாம் என்று பார்ப்பது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்கனவே அந்தப் பொருளை வாங்கிக்கொண்டிருப்பவர்கள். வாங்காதவருக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

கடலூரில் சின்னி கிருஷ்ணன் அந்த நாற்காலியை முதலில் போட்டார். சிறிய அளவில் மருந்துப் பொருட்களும் அழகு சாதனங்களும் தயாரித்தவர் அவர். வசதியானவர்கள் பயன்படுத்தும் பொருளை ரிக்‌ஷாக்காரரும் கூலித் தொழிலாளியும் ஏன் பயன்படுத்த முடியவில்லை என்பது அவருடைய கேள்வி. பொருள் அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. ஒரே நேரத்தில் அவ்வளவு பணத்தைப் புரட்ட முடியவில்லை என்பதே அவர் கண்ட விடை. ஆகவே டால்கம் பவுடரையும் எப்சம் உப்பையும் சிறு சிறு பொட்டலங்களாக்கி விற்றார். ஷாம்பூவையும் பாக்கெட்டில் அடைக்கலாம் என்பது அதே சிந்தனையின் தொடர்ச்சி. அவருக்குப் பின் அவருடைய மகன்கள் ‘வெல்வெட்’ ஷாம்பூ பாக்கெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே பிரிந்து வந்து ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கினார். கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அவருக்கு முன்னால் இருந்த உண்மையான போட்டி வேறொரு ஷாம்பூ அல்ல. கொங்கு நாட்டுக் கிராமத்தில் தலைக்கு அரப்பு. மற்ற இடங்களில் சீயக்காய். இரண்டும் இல்லாத நாளில் கையில் கிடைத்த சோப்பு. ஷாம்பூ என்பது என்ன, அதை எப்படித் தேய்ப்பது என்றே தெரியாதவர்களிடம் விளம்பரப் பலகை என்ன சொல்லிவிட முடியும்? அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், எல்லோரும் பார்க்கச் சிறுவர்களின் தலைக்கு ஷாம்பூ போட்டுக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

எந்த நிறுவனத்தின் ஷாம்பூவானாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்ததும் அவர்தான். பிறகு சிக் காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று அதை மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது. அடுத்து மல்லிகை, ரோஜா மணங்களில் சிக் வந்தது. தென்னிந்தியப் பெண்கள் தலையில் பூ வைப்பவர்கள் என்பது எவருக்கும் தெரிந்த செய்தி. அதை ஷாம்பூவோடு சேர்த்துப் பார்க்க ஒருவருக்குத் தோன்றியது. பெரிய நிறுவனங்கள் பின்னால் வந்து இந்தப் பாதையில்தான் நடந்தன.

இதில் புதிய ரசாயனக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டிலில் இருந்த திரவமே பாக்கெட்டுக்குள் போனது. யோசனை இருந்தது கூலி கைக்கு வரும் நாளில். பொருளின் விலையை அந்த நாளோடு பொருத்தியதில்.

கவனித்தால் மட்டும் போதுமா? கேட்க வேண்டாமா? கேட்கலாம், ஆனால் கேட்பவருக்குப் பதில் சொல்ல யாரும் கடமைப்பட்டவர்கள் அல்ல. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தத்தின் அனுபவம் இதற்குச் சாட்சி. 1998இல் திருமணமான புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழைய துணியைப் பயன்படுத்துவதை அவர் அறிந்தார். நாப்கின் வாங்கினால் வீட்டுச் செலவில் பால் குறையும் என்பது மனைவியின் கணக்கு. சில கிராம் பஞ்சுக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பஞ்சில் தானே நாப்கின் செய்தார். அது பயன்படவில்லை. குறை சொல்ல மனைவியும் சகோதரிகளும் ஒரு கட்டத்துக்கு மேல் தயாராக இல்லை. மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துக் கருத்துப் படிவம் நிரப்பச் சொன்னார். படிவங்களை வாங்கப் போன நாளில் மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

சந்தை ஆய்வு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் சுவரில் மாட்டிவைக்க வேண்டிய காட்சி இது. வெட்கம் உள்ள இடத்தில் படிவம் பொய் சொல்லும். கேட்பவர் மனம் நோகக் கூடாது என்று நினைக்கும் ஊரில் ‘நன்றாக இருக்கிறது’ என்ற பதிலுக்குப் பொருள் கிடையாது. கடைசியில் முருகானந்தம் ஆட்டு ரத்தம் நிரப்பிய கால்பந்துப் பையை உடலில் கட்டிக்கொண்டு தானே சோதித்துப் பார்த்தார். ஊர் சிரித்தது, மனைவி பிரிந்து போனார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பருத்தி அல்ல, மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிறகு அதற்கான எளிய இயந்திரத்தை வடிவமைத்தார். நாப்கினை அல்ல, இயந்திரத்தை அவர் விற்றார். அதுவும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு. ஆண் கடைக்காரரிடம் கேட்கத் தயங்கும் பெண், பக்கத்துத் தெருப் பெண்ணிடம் தயங்காமல் வாங்குவார். மனைவி பின்னர் திரும்பி வந்தார். 2016இல் பத்மஸ்ரீயும் வந்தது.

மதுரையில் இன்னொரு பாதை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை அறுவைக்கு வந்த ஏழைகளுக்குக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை எட்டாத பொருளாக இருந்தது. இறக்குமதி விலை அப்படி. வில்லை இல்லாமல் அறுவை முடித்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்பினார்கள். 1992இல் தொடங்கிய அரோலேப், நூறு டாலருக்கும் மேல் விற்ற வில்லையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. தயாரிப்புச் செலவோடு லாபத்தைக் கூட்டி விலை வைப்பதுதான் வழக்கமான முறை. இங்கே ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகும் விலை முதலில் முடிவாயிற்று. தொழிற்சாலை அதற்குப் பின்னால் வந்தது.

வாங்காதவரைப் பார்த்துவிட்டால் வெற்றி உறுதி என்று இதற்குப் பொருள் அல்ல. மழையில் ஒரு ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போன குடும்பத்தைப் பார்த்ததில் பிறந்தது டாடாவின் நானோ கார். 2008இல் அறிமுகமானபோது லட்ச ரூபாய் கார் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. 2018இல் அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. சிங்கூரிலிருந்து ஆலையை குஜராத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, சில கார்கள் தீப்பிடித்தது என்று காரணங்கள் பல. ஆனால் மிக மலிவான கார் என்ற பெயர் விழுந்ததே தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறும் குடும்பம் வாங்குவது நான்கு சக்கரங்களை மட்டும் அல்ல. தெருவில் கிடைக்கும் மரியாதையையும் சேர்த்துத்தான். ஷாம்பூ பாக்கெட் தன்னை ஏழைகளின் ஷாம்பூ என்று அழைத்துக்கொள்ளவில்லை. அதன் மேல் சிரித்தவர் சினிமா நடிகை.

அந்தப் பாக்கெட்டின் கணக்கிலும் தீர்க்கப்படாத பாக்கி ஒன்று உண்டு. பல அடுக்குகள் ஒட்டிய அந்த மெல்லிய தாளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பழைய பேப்பர் கடைக்காரர் பாட்டிலை எடை போட்டு வாங்குவார். பாக்கெட்டை வாங்க மாட்டார். ஆகவே அது குளத்துப் படிக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கிறது. கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கைச் சேகரிக்கிறார்கள். அதற்கு வீட்டுக்காரர் மாதாமாதம் கட்டணம் கொடுக்கிறார். பாக்கெட்டை விற்றவர் வாங்கிய ஒரு ரூபாயில் அதைப் பொறுக்கும் செலவு சேர்க்கப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். சேகரிக்கும் பெண்ணின் சாக்குப்பையைக் கொட்டிப் பார்க்கும் புராடக்ட் மேனேஜருக்கு அடுத்த பத்தாண்டுக்கான யோசனைகள் அதிலேயே கிடைக்கக்கூடும். தன் பொருள் எங்கே போய்ச் சேர்கிறது, எது திரும்பி வருகிறது, எதற்கு விலை கிடைக்கிறது என்ற மூன்று விஷயங்களும் அங்கே கண்ணெதிரே கிடக்கும்.

ஐந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் இலவசம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கடலூரிலிருந்து ஒருவர் சொன்னபோது, ஊர் ஊராகக் காலிப் பாக்கெட்டுகள் கடைக்குத் திரும்பி வந்தன. அன்று அது விற்பனை உத்தி. காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை வைத்தால் அது தெருவில் கிடக்காது என்பதையும் அது சேர்த்தே நிரூபித்தது. அந்தப் பாடத்தைத் தயாரிப்பாக மாற்றப்போகிறவர் எவரும், அடுத்த யோசனைக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் ஒரு வாரம் கடை வாசல்களில் நின்று பார்ப்பது நல்லது. யார் வாங்குகிறார்கள் என்பதைக் கடையின் கணக்குப் புத்தகமே சொல்லிவிடும். கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவர் பின்னால் பத்தடி நடந்து போய்த்தான் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.