ஒடெசா படிக்கட்டில் யாரும் உருளவில்லை, மக்களே!

ஒரு குழந்தை வண்டி, படிப்படியா உருண்டு வருது. தள்ளிக்கிட்டு வந்த அம்மா குண்டடி பட்டுச் சாஞ்சுட்டாங்க. ஐசன்ஸ்டைன் 1925-ல எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தைப் பார்க்காதவங்களுக்கும் இந்த சீன் தெரிஞ்சிருக்கும். 1987-ல 'தி அன்டச்சபிள்ஸ்' படத்துல வண்டியை சிகாகோ ரயில் நிலையத்துக்கே உருட்டிட்டுப் போயிட்டாங்க!

சரி, விஷயத்துக்கு வர்றேன். உக்ரைன்ல ஒடெசா நகரத்துல இருக்கிற அந்தப் படிக்கட்டைப் பத்தி யார் பேசினாலும் "இங்கதான் அந்தப் படுகொலை"ங்கிற தொனிதான். எனக்கு செம கடுப்பு. படத்துல காட்டுற படுகொலை அந்தப் படிகள்ல நடக்கவே இல்லைங்க.

1905 ஜூன்ல கப்பல்ல கலகம் நடந்தது நிஜம். கீழே துறைமுகத்துல ராணுவம் சுட்டதும், நிறைய பேர் செத்ததும் நிஜம். ஆனா வெள்ளைச் சட்டை சிப்பாய்ங்க வரிசையா படி இறங்கிச் சுட்டது ஐசன்ஸ்டைனோட கற்பனை. (பிரமாதமான கற்பனை. நானே மூணு தடவை பார்த்துட்டேன், சண்டைக்கு வராதீங்க.) அதே வருஷம் அக்டோபர்ல, அதே ஊர்ல, யூதர்கள் மேல நடந்த வெறியாட்டத்துல குறைஞ்சது 400 பேர் கொல்லப்பட்டாங்க. அவங்களைத் தேடி எத்தனை பேர் கேமராவைத் தூக்கிட்டுப் போறாங்க? நடக்காத சாவுக்கு போஸு, நடந்த சாவுக்கு... ம்ஹூம்.

"படம் இல்லைன்னா அந்தப் படியை யாருக்குடா தெரியும்? அதுதான் அதோட குட்வில்"னு நம்ம பி.காம் நண்பன் ஒருத்தன் மடக்கினான். டேய், குட்வில்லை மட்டும் பேலன்ஸ் ஷீட்ல காட்டிட்டு நிலம், கட்டடத்தை விட்டுட்டா எந்த ஆடிட்டர்டா கையெழுத்துப் போடுவாரு?

அசல் சொத்தைப் பாருங்க. 1837-ல ஆரம்பிச்சு 1841-ல முடிச்சது. கீழ்ப்படி 21.7 மீட்டர் அகலம், மேல்படி 12.5 மீட்டர்தான். அதனால கீழே நின்னு அண்ணாந்து பார்த்தா, இருக்கிற 142 மீட்டரை விட நீளமாத் தெரியும். மேலே ரிச்செலியூ சிலைகிட்ட நின்னா படியே தெரியாது, நடுவுல இருக்கிற 10 தளங்கள் மட்டும்தான். கீழே வந்து பார்த்தா தளத்தைக் காணோம், வெறும் படி! மொதல்ல 200 படி இருந்துச்சு. துறைமுகத்தை விரிவாக்கினப்போ 8 படி புதைஞ்சு போய் 192 ஆச்சு. கடலுக்கு இறங்கின படி இப்போ ரோட்டுல முட்டி நிக்குது. எதிர்ல பயணிகள் முனையம், ஹோட்டல்னு கடலை மறைச்சுக் கட்டியாச்சு. பார்க்கப் போறவனுக்குக் கோபம் வரணும்னா இதுக்குல்ல வரணும்?

பேரும் அப்படித்தான். 'பொட்டெம்கின்' 1955-ல சோவியத் காலத்துல ஒட்டினது. உக்ரைன் தனி நாடானதும் ப்ரிமோர்ஸ்கி, அதாவது கடலோரப் படின்னு பழைய பேரையே வெச்சாங்க. நாமதான் விடமாட்டேங்கிறோம்.

2022-ல ரஷ்யா படையெடுத்ததும் ரிச்செலியூ சிலையைச் சுத்தி மணல் மூட்டை அடுக்கி மூடினாங்க. 2023 ஜனவரில யுனெஸ்கோ ஒடெசாவோட பழைய நகரத்தை ஆபத்துல இருக்கிற பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்த செப்டம்பர்ல படிக்கு எதிர்ல இருந்த அதே ஹோட்டல் ரஷ்யத் தாக்குதல்ல எரிஞ்சுது. இவ்வளவுக்கு அப்புறமும் "குழந்தை வண்டி எங்கேங்க உருண்டுச்சு?"னு கேட்பீங்களா?

நான் என்னைக்காவது போனா, அந்த 8 படி எந்த இடத்துல புதைஞ்சுதுன்னுதான் கேட்பேன்.